ரவுண்டு ஓடினால்தான் பயிற்சியா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. கல்லூரி அணியில் பதினாறாவது ஆள். அதாவது வேனில் ஜன்னலோர சீட்டும் மைதானத்தில் தண்ணீர் கேன் தூக்குகிற பொறுப்பும் எனக்கு. ஆனால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன் :-)

போன மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே மூன்றுக்கு ஒன்று என்று தோற்று வந்தோம். தோற்றதுகூடப் பரவாயில்லை. எழுபதாவது நிமிடம் வாக்கில் எங்கள் ரைட் விங் (பெயர் வேண்டாம், எல்லோரும் அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவோம்) ஒரு நீளமான பந்தைத் துரத்தி ஓடினான். எதிரே டிஃபென்டர் யாரும் இல்லை. முப்பது, நாற்பது மீட்டர் போயிருப்பான். திடீரென்று யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போலத் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அப்படியே உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை, யாரும் தொடவும் இல்லை. தொடையின் பின்பக்கத் தசை, ஹாம்ஸ்ட்ரிங் என்பார்களே, அது கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் வழியிலேயே வேனுக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "தினம் சாயங்காலம் நாலு பேருக்கு நாலு பேருன்னு செருப்ப வச்சு கோல் போட்டு வெளையாடிக்கிட்டே இருந்தா இப்படித்தான். ஸ்டாமினாவே கெடையாது. நாளையிலேருந்து பந்து கட். பதினஞ்சு ரவுண்டு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அன்றிலிருந்து ரவுண்டுதான் நடக்கிறது. பந்து பூட்டிய அலமாரியில் தூங்குகிறது. முதல் வாரம் இருபத்திரண்டு பேர் வந்தோம், இப்போது பதினோரு பேர். இன்னும் ஒரு வாரம் போனால் அணியே இருக்காது என்பதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். சீனியர் அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தீர்ப்பில் பாதி சரி என்றும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் சாயங்கால ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பொட்டல். நீளம் முப்பது எட்டு, அகலம் இருபது எட்டு. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். கோல் கீப்பர் கிடையாது. இரண்டு ஜோடி செருப்புதான் கோல் போஸ்ட். நாலு பேருக்கு நாலு பேர். கோல் வாங்கிய அணி வெளியே, ஜெயித்த அணி உள்ளே நிற்கும். பந்து முள்ளுக்குள் போனால் அடித்தவன்தான் எடுத்து வரவேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுகிற எட்டு பேரைப் பார்த்து யாருக்குப் பயிற்சி என்ற வார்த்தை ஞாபகம் வரும்?

சரி, நாடி பிடித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. நிஜமாகவே. நிறுத்தியவுடன் கழுத்தோரத்தில் இரண்டு விரலை வைத்துப் பத்து விநாடி எண்ணி, ஆறால் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்பு வந்துவிடும். அதிகபட்சத் துடிப்புக்கு உத்தேசமாக ஒரு கணக்கு உண்டு, 220-லிருந்து வயதைக் கழிப்பது. எனக்கு 20 வயது என்பதால் 200. பத்து விநாடியில் 30 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 180. அதாவது 90 சதவீதம்.

நாலு நிமிட ஆட்டம் முடிந்ததும் எண்ணியபோது எனக்கு 29, 30 வந்தது. ரவுண்டு ஓடி முடித்து எண்ணியபோது 25, 26. இது ஆராய்ச்சி இல்லை, ஒருத்தனுடைய கழுத்து, ஒருத்தனுடைய விரல், அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரிந்ததுதான். பதினைந்து ரவுண்டு ஓடுகிறவன் பதினைந்தாவது ரவுண்டை நினைத்துக்கொண்டுதான் முதல் ரவுண்டை ஓடுவான். நேற்று நாங்கள் ஓடிக்கொண்டே ஒரு படத்தின் கதையை இடைவேளை வரை பேசி முடித்தோம். வாய் பேச முடிகிற ஓட்டம் நுரையீரலை அவ்வளவாகக் கஷ்டப்படுத்தாது.

நாங்கள் தற்செயலாகச் செய்ததைப் பல நாடுகளில் ஒழுங்காக அளந்து பார்த்திருக்கிறார்கள். 2001-ல் நார்வேயில் ஹெல்கெருட் குழுவினர் இளம் கால்பந்து வீரர்களை வாரம் இரண்டு முறை, நாலு நிமிட வேக ஓட்டம் நாலு முறை, நடுவில் மூன்று நிமிட மெதுவோட்டம் என்று எட்டு வாரம் பழக்கினார்கள். இதயத்துடிப்பு உச்சத்தில் 90 முதல் 95 சதவீதத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எட்டு வாரம் கழித்து ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது. ஸ்பிரிண்ட் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆக ஓட்டம் பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அது மூச்சு முட்டுகிற ஓட்டம். கதை பேசுகிற ஓட்டம் இல்லை.

அடுத்த கேள்விதான் நமக்கு வேண்டியது. அதே நாலு நிமிடத்தைப் பந்தோடு செலவழித்தால் என்ன ஆகும்? 2006-ல் இம்பெல்லிசேரியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் 40 ஜூனியர் வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அந்த நாலு நிமிட ஓட்டம், மறுபாதிக்கு அதே கால அளவில் சிறு ஆட்டம். பன்னிரண்டு வாரம் நடந்தது. முடிவில் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பந்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாது போல. ஆனால் காலுக்குத் தெரியும். சிறு ஆட்டம் ஆடியவன் பன்னிரண்டு வாரமும் பாஸ் கொடுத்திருக்கிறான், திரும்பியிருக்கிறான், பந்தைப் பறிகொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறான். ஓடியவன் ஓடியிருக்கிறான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிறு ஆட்டம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 2007-ல் ராம்பினினி குழுவினர் மூவருக்கு மூவரிலிருந்து அறுவருக்கு அறுவர் வரை, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மைதானத்தை மாற்றி மாற்றி ஆடவைத்து அளந்தார்கள். ஆள் குறையக் குறைய, இடம் கூடக்கூடச் சிரமம் ஏறியது. இது எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு. பயிற்சியாளர் கோட்டோரம் நின்று உற்சாகப்படுத்திக் கத்தினால் இதயத்துடிப்பும் ரத்தத்தில் லாக்டேட்டும் கூடின. கத்துவதற்கும் ஒரு பயன் இருக்கிறது! எங்கள் பொட்டலில் வெளியே காத்திருக்கிற நாலு பேர் அடிக்கிற கிண்டலையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. அதே நேரத்தில் பந்து முள்ளுக்குள் போய் இரண்டு நிமிடம் தேடினால் எல்லாம் வீண். கோட்டோரம் இன்னொரு பந்து இருக்கவேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் அலமாரியில்.

இப்போது சீனியர்கள் சொன்னதில் சரியான பாதிக்கு வருகிறேன்.

மாப்ளயின் தொடை ஏன் கிழிந்தது? ஸ்டாமினா இல்லாததால் அல்ல. எழுபது நிமிடம் வரை எங்கள் அணியில் அதிகம் ஓடியவன் அவன்தான். கரையில் இருந்து நான் பார்த்தேன். காரணம் எங்கள் பொட்டலின் அளவில் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். கணக்குப் போடுங்கள். எட்டை மீட்டர் என்றே வைத்துக்கொண்டால் 30-க்கு 20, அதாவது 600 சதுர மீட்டர். எட்டு பேர். ஆளுக்கு 75 சதுர மீட்டர். போட்டி மைதானம் 105-க்கு 68 என்றால் 7140 சதுர மீட்டர், 22 பேர், ஆளுக்கு 324 சொச்சம். நாலு மடங்குக்கும் மேல்.

75 சதுர மீட்டரில் என்ன நடக்கும்? கிளம்புவாய், நிற்பாய், திரும்புவாய், மறுபடி கிளம்புவாய். அதற்குள் சுவர் வந்துவிடும், இல்லாவிட்டால் முள். வேகம் அதிகம் ஏறாவிட்டாலும் ஒவ்வொரு முறை கிளம்புவதற்கும் நிற்பதற்கும் உடம்பு நிறையச் செலவழிக்கிறது. ஸ்பீடாமீட்டரை மட்டும் பார்த்தால் சிட்டியில் ஓடுகிற பஸ் மெதுவாகப் போவது போலத்தான் தெரியும். ஆனால் பிரேக்கும் கிளட்சும் தேய்வது அங்கேதான். முழு வேகம் வேறு சமாச்சாரம். ஒருத்தன் தன் உச்ச வேகத்தைத் தொடவே முப்பது நாற்பது மீட்டர் நேராக ஓடவேண்டும். எங்கள் மைதானத்தின் மொத்த நீளமே முப்பது! ஆறு மாதம் தினமும் ஆடிய மாப்ள அந்த ஆறு மாதத்தில் ஒரு முறைகூட முழு வேகத்தில் ஓடியிருக்க மாட்டான். ஹாம்ஸ்ட்ரிங் அதிகபட்சமாக இழுபடுவது அந்த வேகத்தில்தான். முதல் முறையாக அதைக் கேட்டது களைத்துப்போன எழுபதாவது நிமிடத்தில். தசை எப்படித் தாங்கும்?

இது எங்கள் பொட்டலின் பிரச்சினை மட்டும் அல்ல. சகல வசதியும் உள்ள ஐரோப்பிய கிளப்புகளிலேயே ஹாம்ஸ்ட்ரிங் தலைவலி கூடிக்கொண்டு போகிறது. எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் பல வருடம் நடந்த கணக்கெடுப்பில், 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தது 2021-22 சீசனில் 24 சதவீதம்.

ஆகவே சிறு ஆட்டத்தில் ஒரு சத்துக் குறைவு இருக்கிறது. சரி. அதற்கு ரவுண்டு மருந்தா? இங்கேதான் எனக்குப் புரியவே இல்லை. பதினைந்து ரவுண்டில் முழு வேகம் எங்கே இருக்கிறது? அது எங்கள் பொட்டலை விட மெதுவானது! சோற்றில் உப்பில்லை என்று சொன்னவனுக்கு இன்னொரு தட்டு அதே சோற்றைப் போட்ட கதை. மாப்ள ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு மாதம் ரவுண்டு மட்டும் ஓடிவிட்டு, அடுத்த போட்டியில் இன்னொரு நீளப் பந்தைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே பயமாக இருக்கிறது.

குறைகிற உப்பைப் போடுவது பெரிய வேலை இல்லை. வாரம் இரண்டு நாள், சிறு ஆட்டத்துக்கு முன்னால், வாம்-அப் முடிந்து கால் களைப்படையாமல் இருக்கும்போதே பெரிய மைதானத்தில் நாற்பது ஐம்பது மீட்டர் ஓட்டம் ஐந்தாறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுசாக அடங்கும் வரை நடை. முதல் வாரம் முக்கால் வேகம், பிறகு மெல்ல மெல்ல முழு வேகம். அதோடு முட்டி போட்டு நிற்கிற ஒரு பயிற்சி. பின்னால் ஒருத்தன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து விழவேண்டும். நார்டிக் என்பார்கள். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-ல் சொன்னார்கள். செலவு ஒரு பைசா இல்லை. முதல் நாள் செய்துவிட்டு மறுநாள் ஹாஸ்டல் படி இறங்குவதுதான் கஷ்டம், அனுபவத்தில் சொல்கிறேன்.

நிற்க. காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

நார்வே ஆட்களின் நாலு நிமிடத்தை அப்படியே சித்திரை மாதம் இங்கே இறக்குமதி செய்யக்கூடாது. நம் ஊரில் வெயிலைவிடக் கொடுமை புழுக்கம். வியர்வை வழிகிறது, காய்வதில்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். 2014 உலகக்கோப்பையில் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா வைத்தது. உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே அந்தச் சலுகை. நமக்கு வகுப்பு முடிந்ததும் மூன்றரை மணிக்குப் பதினைந்து ரவுண்டு, அதிலும் "ஓடுறப்ப தண்ணி குடிக்காதே, வயித்தப் பிடிக்கும்" என்ற அறிவுரை வேறு. சிறு ஆட்டத்தில் உள்ள பெரிய வசதியே இதுதான். நாலு நிமிடம் ஆடு, மூன்று நிமிடம் வெளியே நில், தண்ணீர் குடி. ஓய்வு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கடற்காற்று இறங்கிய பிறகு, ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மணலும் அப்படித்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் கிளிஞ்சல்மேடு பக்கம் போனால் சாயங்காலம் கரையில் அண்ணன்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கலாம். நான் ஒருமுறை உள்ளே இறங்கிப் பத்தே நிமிடத்தில் நாக்கு தள்ளி வெளியே வந்தேன். "என்ன தம்பி, படிக்கிற புள்ளையா?" என்று கேட்டார் ஒருவர். அவமானம்தான், ஆனால் கணக்கு என் பக்கம். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்ததில், அதே வேகத்தில் கெட்டித் தரையில் ஓடுவதைப் போல் 1.6 மடங்கு சக்தி மணலில் ஓட வேண்டியிருந்தது. அதனால்தான் கடற்கரைக் கால்பந்துக்கு அணிக்கு ஐந்து பேர், 12 நிமிடம் மூன்று பகுதி, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். பீச்சில் ஆடினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அலை நனைத்த கெட்டி மணலில் ஆடுங்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடுவதை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மாசியில் நம் களிமண் வெடிக்கிற வெடிப்பில் கணுக்கால் போனால் திரும்பி வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் கல்லூரியில் பெண்களுக்குக் கால்பந்து அணி கிடையாது. கேட்டால் "மைதானம் இல்லையேம்மா, பசங்களுக்கே பத்தல" என்ற பதில். மைதானம் எதற்கு? கூடைப்பந்துக் களம் 28-க்கு 15 மீட்டர். மூவருக்கு மூவர் ஆடினால் ஆளுக்கு 70 சதுர மீட்டர், எங்கள் செருப்பு மைதானத்துக்கு ஏறக்குறைய சமம். சிமெண்டுத் தரை என்பதால் ஸ்டட்ஸ் வேண்டாம், சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ஒரு மணி நேரத்தில் ஆறு ஆறு பேராக இருபது பேர் ஆடிவிடலாம். 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது தமிழ்நாடு. தேசிய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம்மிடமிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை, சிதம்பரம் தாண்டினால் வருகிற கடலூர்க்காரர்தான். சென்னையில் வியாசர்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியான அந்தப் பகுதியிலிருந்துதான் தனபால் கணேஷ் தேசிய அணி வரை போனார். இடம் இல்லை என்பது ஒரு காரணமே இல்லை.

சிறு ஆட்டத்தில் ஏமாற்ற முடியும் என்பதையும் நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன். ரவுண்டில் எல்லோரும் ஒரே தூரம் ஓடியாக வேண்டும். நாலுக்கு நாலில் ஒருத்தன் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "இங்க போடு, இங்க போடு" என்று கத்தியே மாலையை ஓட்டிவிடலாம் (நான்தான் அது). அதற்கும் வழி இருக்கிறது. ஆளுக்கு ஆள் மார்க்கிங் என்று வைத்தால் நிற்கவே முடியாது. எல்லோரும் பாதிக்கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கோல் செல்லும் என்று விதி போட்டால் சோம்பேறி தானாக மாட்டுவான். நன்றாக ஓடுகிறவனுக்குச் சிறு ஆட்டம் போதாமலும் போகலாம், அவனுக்கு வேண்டுமானால் தனியாக நாலு ரவுண்டு கொடுங்கள், தப்பில்லை.

அளப்பதற்கு ஜிபிஎஸ் சட்டையெல்லாம் வேண்டாம். பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ஒவ்வொருவனும் பத்துக்கு மதிப்பெண் போடட்டும். அதை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை. ஏழு மதிப்பெண், நாற்பது நிமிடம் என்றால் 280. பெரிய அணிகளே பயன்படுத்துகிற முறைதான். ஒரு நோட்டில் எழுதி வந்தால் யாருக்கு ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது, போட்டிக்கு முந்தின நாள் யாரைச் சும்மா விடவேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் அணியில் அந்த நோட்டை எழுத ஆள் தயார். பதினாறாவது ஆளுக்கு வேறென்ன வேலை?

எனவே அண்ணன்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். திங்கள், புதன் வேக ஓட்டமும் நாலுக்கு நாலும். வெள்ளி பெரிய மைதானத்தில் எட்டுக்கு எட்டு அல்லது பதினொன்றுக்குப் பதினொன்று, நீளப் பந்து துரத்துவதற்காகவே. எட்டு வாரம் பாருங்கள். அப்போதும் மூச்சு வாங்கினால் ரவுண்டுக்கு நானே முதலில் வந்து நிற்கிறேன்.

மாப்ள நேற்று ஹாஸ்டல் வராந்தாவில் நொண்டாமல் நடந்தான். முட்டி போட்டுச் சாய்கிற அந்தப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று பிசியோவைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். இன்னும் மூன்று வாரமாம். இரண்டாவது பந்துக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல் செய்துகொண்டிருக்கிறேன். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அறை எண் 14-ல் வந்து ரகசியமாகச் சொல்லலாம்.